தம்பி உழக்கின பாட்டு: ஹைட் பார்க்கில் டுரான் டுரான்

2022 ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஹைட் பார்க்கில் டுரான் டுரான் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் நிகழ்ச்சியை நானும் தம்பியும் பின்னேரம் முழுக்க நின்றபடியே பார்த்தோம். அதைப் பற்றி எழுதச் சொல்லி, யாழ்ப்பாணத்தில் என்னிடம் பேஸ் கிற்றார் (கீழ்ச்சுரம் வாசிக்கிற கிற்றார்) பழக வருகிற பெடியன் ஒருவன் கனகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "சேர், நேரில பாத்த ஆள் நீங்கள். நாங்கள் யூரியூப்பிலதானே பாக்கிறம்" என்கிறான். அவன் கேட்பது நியாயம். ஒரு பேஸ்காரனின் காதுக்குக் கேட்டதை எழுதுகிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் பார்க்க, சகோதரங்களைப் பார்க்க லண்டன் பக்கம் போகிற ஆட்கள் இந்தக் குழு வாசிக்கிற நாள் அகப்பட்டால் விடவேண்டாம். அறுபது தாண்டிய ஆட்கள் பழைய பேரை வைத்துச் சமாளிப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஜோன் ரெய்லரின் பேஸும் ரொஜர் ரெய்லரின் டிரம்ஸும் சேர்ந்து இறங்கின முதல் நிமிசத்திலேயே அந்தப் பயம் போய்விட்டது.

தெரியாத ஆட்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1978இல் பேர்மிங்ஹாமில் நிக் ரோட்ஸும் ஜோன் ரெய்லரும் தொடங்கின குழு இது. பிறகு டிரம்ஸுக்கு ரொஜர் ரெய்லர், கிற்றாருக்கு அன்டி ரெய்லர், பாட சைமன் லெ போன். மூன்று ரெய்லர்களும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. எங்கள் ஊரில் ஒரே கோஷ்டியில் மூன்று சிவகுமார் இருந்த மாதிரி. பங்க் இசையின் கோபம் ஆறி, சிந்தசைசர் என்கிற மின் விசைப்பலகையும் டிஸ்கோத் தாளமும் உள்ளே வந்த காலத்தை நியூ வேவ் என்று சொல்வார்கள். அந்த அலையில் வந்த குழுக்களில் தாளம் பிடிக்கத் தெரிந்த குழு என்றால் எனக்கு இதுதான். அந்த நாளில் பத்திரிகைகள் இவர்களின் முகத்தையும் தலைமுடியையும் பற்றித்தான் எழுதின. அந்த எழுத்தை நம்பிப் பேஸைக் கேட்காமல் விட்ட ஆட்கள் கனபேர்.

பிரிகிறதுக்கு முதல் ஐந்து பேரும் சேர்ந்து மேடை ஏறின கடைசித் தடவை 1985 ஜூலையில், பிலடெல்பியாவில் நடந்த லைவ் எய்ட் உதவி நிகழ்ச்சி. அதற்குப் பிறகு ரொஜரும் அன்டியும் விலகினார்கள். பெயர் அழியாமல் குழு ஓடிக்கொண்டிருந்தது. 2001இல் ஐந்து பேரும் திரும்பச் சேர்ந்து, 2003இல் ஜப்பானில் வாசித்து, 2004 ஏப்ரலில் வெம்பிளி அரீனாவில் ஐந்து இரவு மேடை ஏறினார்கள். 2006இல் அன்டி மறுபடியும் போய்விட்டார். ஆகவே நான் பார்த்தது ஐந்தில் நாலு பேரை. அந்த ஒரு குறையைப் பிறகு சொல்கிறேன்.

இனி, யாழ்ப்பாணத்தில் இருந்த எனக்கு இவர்கள் எப்படித் தெரியும் என்ற கதை. கப்பலில் வேலை செய்த மாமா ஒருவர் 1983இல் சிங்கப்பூரில் வாங்கின கசெற் ஒன்றை எனக்குத் தந்தார். 1982இல் வந்த டுரான் டுரானின் 'ரியோ' இசைத்தட்டு அது. அப்போது எனக்குப் பதினாறு வயது. கோயில் திருவிழாக்களில் வாசிக்கிற ஒரு கோஷ்டியில் பேஸ்காரர் வெளிநாடு போய்விட்டார். ஆறுதந்திக் கிற்றாரில் நாலு கோட் தெரிந்த என்னை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் எங்கே நடக்குது என்று காதை ஸ்பீக்கரோடு வைத்துத்தான் பழகினேன். எங்கள் எல்லாருக்கும் அவர்தான் பள்ளிக்கூடம். அந்தக் காதோடு 'ரியோ' கசெற்றைப் போட்டபோது, இங்கிலீஷ் பாட்டிலும் பேஸ் தனி ஆளாக நின்று கதைக்குது என்று விளங்கியது. பல்லவியைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கவில்லை அது. பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடைவெளிக்குள் ஓடிப்போய் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாளத்துக்குத் திரும்பி வந்தது.

அந்தக் கசெற்றில் இருக்கிற 'சேவ் எ பிரேயர்' பாட்டின் வீடியோ எங்கள் தீவில் எடுக்கப்பட்டது என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. 1982 ஏப்ரலில் ரஸ்ஸல் முல்காஹி என்ற இயக்குநரோடு இலங்கைக்கு வந்து, ஒரே பயணத்தில் மூன்று பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சிகிரியாக் குன்றின் உச்சியை மேலே வானத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். பொலநறுவைப் புத்தர் சிலைகள் வருகின்றன. கடற்கரை வருகிறது, யானை வருகிறது. எங்கள் நூலகம் எரிந்து பத்து மாதம்தான் ஆகியிருந்த ஏப்ரல் அது. ஒரே தீவு, ஒரே மாதம். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, வந்த பெடியளுக்கு என்ன தெரியும். ஆனால் அந்த வீடியோவைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், அதே நேரம் நாங்கள் எங்கே நின்றோம் என்று மனம் ஒருக்கா வடக்குப் பக்கம் திரும்பும். போருக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தபிறகு 2011இல் குடும்பத்தோடு சிகிரியா ஏறினேன். மேலே நிற்கிறபோது என் வாயில் வந்தது அந்தப் பாட்டுத்தான்.

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். தம்பி எனக்கு 11 வயது இளையவன், அப்போது அவனுக்குப் பன்னிரண்டு. என் வயது ஆட்கள் எல்லாம் செய்ததைத்தான் நானும் செய்தேன். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லு நிலத்தில் முட்டாமல் நிறுத்தி, டைனமோவை ரயரில் அழுத்திவிட்டு, அதிலிருந்து வயரை இழுத்து நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் வைத்துக் கசெற் பெட்டிக்குக் கொடுத்தேன். தம்பி ஏறியிருந்து உழக்குவான். நான் பக்கத்தில் வாங்கில் இருந்து, அம்ப் இல்லாத பேஸின் கட்டையைத் தாடையில் முட்டக் கொடுத்து, எலும்புக்குள்ளால் சத்தத்தைக் கேட்டு வாசிப்பேன்.

தம்பி களைத்தால் சுருதி இறங்கும். லெ போன் ஆழக் கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி வரும். நான் "உழக்கடா" என்பேன், சுருதி ஏறும். அவன் உசாராகிவிட்டால் அரைச் சுருதி கூடிவிடும். நான் ஒவ்வொரு வரிக்கும் கையை மேலே கீழே நகர்த்திப் பிடிக்கவேண்டும். இப்போது யாராவது என்னிடம் எந்தச் சுருதியில் பாட்டைத் தூக்கிப்போட்டாலும் கை தானாகப் போகுது. அது தம்பியின் காலிடம் பழகினது.

'சேவ் எ பிரேயர்' தொடக்கத்தில் நிக் ரோட்ஸ் சிந்தசைசரில் ஒரு சின்ன வரியை வாசிப்பார். அந்தச் சுரங்கள் நேராக நிற்காது, வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். எங்கள் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை அசைத்து இறக்குவார்களே, அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம். அந்த இடம் வரும்போதெல்லாம் தம்பி தன் கால்தான் பிழை விட்டதென்று நினைத்து விழுந்து விழுந்து உழக்குவான். "அது பாட்டிலேயே இருக்கடா, உன்ர பிழை இல்லை" என்று எத்தனையோ தரம் சொன்னேன். அவன் பாட்டைக் கரண்டில் கேட்டு அறியாதவன். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான். அம்மா குசினிக்குள் இருந்து, "பெடியன் களைச்சுப்போனான், நிப்பாட்டு" என்று சத்தம் போடுவா.

1995 ஒக்ரோபர் கடைசியில் போர் நெருங்கி, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமப் பகுதியை விட்டு எல்லாரும் நடந்தபோது பேஸ் வீட்டில் நின்றது. திரும்பி வரும்போது அது இல்லை. கசெற் தம்பியின் புத்தகப் பையோடு சாவகச்சேரிக்கு வந்து, அங்கே ஒரு பெட்டிக்குள் நாடா சிக்கி அறுந்தது. தம்பி பிறகு லண்டன் போனான். நான் இங்கேயே இருந்துவிட்டேன்.

2022இல் தம்பி ரிக்கற் எடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் எடுத்தான். விலை கேட்டேன், சொல்லவில்லை. அந்த ஜூன் கடைசியில் நாட்டில் பெற்றோல் இல்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். அயல்வீட்டுப் பெடியன் என்னையும் பெட்டியையும் சைக்கிளில் ஏற்றி யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் இறக்கிவிட்டான். இரவு ரெயினில் கொழும்பு, அங்கிருந்து விமானம். நிகழ்ச்சிக்கு முதல் நாள், ஜூலை 9, தம்பியின் கிங்ஸ்பெரி வீட்டில் ரீவியில் கொழும்பு. சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் தடாகத்தில் குளித்துக்கொண்டிருந்தது. விடிய விடியப் போன் அடித்தது. தம்பியின் மனுசி, "நாளைக்குப் போகத்தான் வேணுமோ?" என்று கேட்டா. தம்பி, "அண்ணா இதுக்கெண்டுதானே வந்தவர்" என்றான்.

மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஜுபிலி லைனில் பொண்ட் ஸ்றீற் வந்து நடந்தோம். லண்டனுக்கு அது கடும் வெயில். எனக்கு ஊர் வெயில் மாதிரித்தான் இருந்தது, தம்பிதான் கஷ்டப்பட்டான். போகிற ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தொப்பி கட்டாயம், இருக்க இடம் கிடையாது, முழங்கால் வருத்தக்காரர் இரண்டு தரம் யோசியுங்கோ. மேடைக்கு நேரே, சவுண்ட் பிடிக்கிற ஆட்கள் நிற்கிற கூடாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றோம். இது எங்கள் கோஷ்டிக் காலத்துப் பழக்கம். எந்த மேடையானாலும் சத்தத்தைச் சரிபண்ணுகிறவன் நிற்கிற இடத்தில்தான் பேஸ் சரியாகக் கேட்கும்.

டுரான் டுரானுக்கு முன்னம் அதே மேடையில் நைல் ரொட்ஜர்ஸின் ஷிக் என்ற அமெரிக்க டிஸ்கோக் குழு வாசித்தது. இதை ஏற்பாடு செய்த ஆளுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஏனென்றால் ஜோன் ரெய்லர் பேஸ் பழகினது ஷிக் குழுவின் பேர்னாட் எட்வேட்ஸைக் கேட்டு. எட்வேட்ஸ் 1996இல் ரோக்கியோவில் ஒரு நிகழ்ச்சி முடிந்த இரவு இறந்துபோனார். ஜேம்ஸ் பொண்ட் படத்துக்கு டுரான் டுரான் செய்த பாட்டின் தயாரிப்பிலும் அவருடைய கை இருந்தது. குழுவின் இன்னொரு பாட்டை 1984இல் மறுபடி கலந்து கொடுத்தவர் நைல் ரொட்ஜர்ஸ். ஆகவே அன்று பின்னேரம் குருவின் வீடு முதலில், சீடனின் வீடு பிறகு. ஷிக்கின் பேஸ் வரிகளைக் கேட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் ஜோன் ரெய்லரைக் கேட்டால், எதை எடுத்தார், எதை மாற்றினார் என்று வடிவாக விளங்கும். எட்வேட்ஸின் வரியில் அவசரம் இல்லை, இடைவெளிதான் ஆடவைக்கும். ரெய்லர் அந்த இடைவெளியை நிரப்புகிறார். இரண்டு மடங்கு சுரம், ஆனால் தாளத்தின் முதல் அடி ஒருநாளும் பிந்தாது.

ரொஜர் ரெய்லரைப் பற்றி ஆட்கள் குறைவாகத்தான் கதைக்கிறார்கள். அவர் அமைதியான ஆள், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அவருடைய வலது கால், பெரிய டிரம்மை அடிக்கிற கால், பேஸின் முதல் சுரத்தோடு ஒரே நேரத்தில் விழுந்தபடியே இருந்தது. இரண்டும் ஒரே அடியாக நெஞ்சில் விழும். எங்கள் ஊரில் தவிலும் நாதஸ்வரமும் இருபது வருசம் ஒன்றாக வாசித்தால் வருகிற பொருத்தம் அது. இடையில் அவர் வருசக்கணக்காக விலகியிருந்தவர். திரும்பி வந்து அந்த இடத்தில் இருந்ததுதான் இந்தச் சேர்க்கையின் முழுப் பலன் என்று நான் சொல்வேன். இவர் இல்லாத காலத்தில் வந்த இசைத்தட்டுகளில் நல்ல பாட்டு இருக்கு, அந்த அடி இல்லை.

லெ போனுக்கு அப்போது 63 வயது. மேல் சுரங்களில் தொண்டை சில இடத்தில் இறுகினது உண்மை. பின்குரல் பாடின பெண்கள் அந்த இடங்களை அன்பாகத் தாங்கினார்கள். ஆனால் அவர் ஒரு இடத்திலும் பாட்டை நழுவவிட்டுவிட்டுச் சனத்தைப் பாடச் சொல்லி ஒளியவில்லை. தானே பாடினார். அதற்கு என் மரியாதை. நிக் ரோட்ஸ் சிந்தசைசர்களுக்குப் பின்னால், தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிற ஆள் மாதிரி, அசையாமல் நின்றார். புதுப் பாட்டுகள் சிலதும் வந்தன. கேட்கலாம். அந்த நேரத்தில் பின்னால் நின்ற ஆட்கள் தண்ணி வாங்கப் போனார்கள்.

அன்டி ரெய்லர் இல்லாததைச் சொல்லவேண்டும். 2006 முதல் மேடைகளில் அவருடைய இடத்தை நிரப்புகிறவர் டொம் பிரவுன், கெட்டிக்காரர். சுரம் ஒன்றும் பிசகுவதில்லை. ஆனால் அன்டியின் கிற்றாரில் ஒரு முரட்டுத்தனம் இருக்கும். சிந்தசைசரின் வழவழப்புக்குள் கல்லுப் போட்ட மாதிரி உராயும். அந்த உராய்வுதான் அவர்களை மற்ற நியூ வேவ் குழுக்களிலிருந்து பிரித்தது. அன்றைக்கு அது கொஞ்சம் மெழுகி இருந்தது. கசெற்றை மனப்பாடமாகக் கேட்ட காதுக்கு அது தெரியும்.

ஒன்பதே கால் போல வெளிச்சம் மங்கியது. முக்கியமான பாட்டுகள் முடிந்து உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். நிக் ரோட்ஸ் விசைப்பலகையில் கை வைத்தார்.

அந்தச் சுரம் வழுக்கியது.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். அவனுக்கு 44 வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பிடித்த பிடி பன்னிரண்டு வயதுப் பிடி. சுற்றிவர ஆயிரக்கணக்கான போன் லைற்றுகள். அந்தப் புல்வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது அந்த வழுக்கல் எங்களுக்கு என்ன என்று. நான் குனிந்து பார்த்தேன். தம்பியின் வலது கால் புல்லில் மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. "அண்ணா, உண்மையாவே பாட்டிலதான் இருக்கு" என்றான். இந்தப் பாட்டை அவன் லண்டனில் நூறு தரம் கேட்டிருப்பான். எனக்குப் பக்கத்தில் நின்று கேட்டது 32 வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தொண்டை வரவில்லை. பாட்டுப் பாதியில், "கொஞ்சம் கெதியாப் போகுது போல" என்றான். அது சரியான வேகத்தில்தான் போனது. எங்கள் வீட்டில்தான் அது மெதுவான பாட்டு.

அடுத்தது, கடைசியாக, 'ரியோ' பாட்டு. என் கண் ஜோன் ரெய்லரின் வலது கையை விட்டு எடுபடவில்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி, ஒரு அடிக்குள் நாலு சுரம். இடையில் ஒரு சுரத்தை வேண்டுமென்றே ஊமையாக்கி, சத்தமில்லாத ஒரு தட்டு மட்டும் விடுகிறார். முப்பது வருசமாக நான் அந்த இடத்தில் முழுச் சுரம் வாசித்துக்கொண்டிருந்தேன். கசெற்றில் அது கேட்கவில்லை. நேரில் பெரிய திரையில் விரலைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: இடது கை தந்தியை அழுத்தாமல் தொட்டபடி நிற்குது. ஓட்டம் வருவது அந்த ஊமைத் தட்டில் இருந்துதான். இதற்காக மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து போயிருந்தாலும் காணும். சாக்சபோன் வந்து, சனம் துள்ளி, முடிந்தது.

வெளியே வர நேரம் எடுக்கும், பொறுமையாக வாங்கோ. பக்கத்து ஸ்ரேசன்களில் நெரிசல். நாங்கள் பேக்கர் ஸ்றீற் வரைக்கும் நடந்து அங்கே ரெயின் எடுத்தோம். வழி நெடுக நான் விரலால் தொடையில் அந்த ஊமைத் தட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். தம்பி அம்மாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தான்.

அந்த நவம்பரில் தம்பி போன் எடுத்தான். அமெரிக்காவில் ரொக் அன்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற இசைக் கௌரவ மண்டபத்தில் குழுவைச் சேர்த்த மேடையில் லெ போன் அன்டியின் கடிதத்தை வாசித்தாராம். நாலு வருசமாகப் புற்றுநோயாம், பயணம் செய்ய ஏலாமல் போய்விட்டதாம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். 2023இல் வந்த அவர்களின் இசைத்தட்டில் அன்டி திரும்பக் கிற்றார் வாசித்திருக்கிறார். கேட்டேன். அந்த உராய்வு அங்கே இருக்கு.

என்னிடம் பழகுகிற பெடியனுக்கு இப்போது 'ரியோ'வின் முதல் எட்டு அடி வருகுது. ஊமைத் தட்டு இன்னும் வரவில்லை, விரல் அவசரப்படுகுது. ஐந்து பேரும் ஒரு மேடையில் நிற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் விலை பார்க்காமல் இரண்டு ரிக்கற் எடு என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பெடியன் அதைக் கேட்டுவிட்டு, "மூண்டு எடுக்கச் சொல்லுங்கோ சேர்" என்றான். அதையும் சொல்லியிருக்கிறேன்.